துரையிடம் தோற்கத் தெரியாத விமானம்

கலாவதிக்கு வேண்டியதெல்லாம் நாலரை மணி பஸ். ஜெராம் சந்தியில் அதைப் பிடித்துவிட்டால் ஆறு மணிக்குள் கிள்ளான் பட்டணத்தில் இறங்கிவிடலாம். மகள் புவனா அந்நேரம் விழித்திருப்பாள். வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள், டீச்சர் யாரைப் பெஞ்சுமேல் ஏற்றினார் என்று கதை வைத்திருப்பாள். நாலரை போய்விட்டால் அடுத்தது ஆறேகால். அதில் வந்து, கிள்ளானில் இன்னொரு பஸ் மாறி, வீடு சேரும்போது பிள்ளை பக்கத்து வீட்டு மெகராஜ் பேகத்தின் கூடத்தில் பாயில் தூங்கிப்போயிருக்கும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தூக்கி வருவாள். விடியுமுன் தூங்குகிற பிள்ளையை அதே பாயில் கொண்டுபோய்க் கிடத்திவிட்டு முதல் பஸ்ஸுக்கு ஓடுவாள். 1987ஆம் ஆண்டில் பல வாரங்கள் அவள் தன் மகளைக் கண் மூடியவளாகத்தான் பார்த்தாள்.

அவள் வேலை செய்தது செம்பாக்கா தோட்டத்தில். ஜெராம் சாலையிலிருந்து நாலு மைல் உள்ளே, செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை மரங்களுக்கு நடுவில் ஆபீஸ். பிறந்ததும் அங்கேதான், தட்டெழுத்து படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்ததும் அங்கேதான். கணவன் சன்னாசி முன்பு அதே தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை கிடைத்துப் போனான். தோட்டம் தொழிலாளருக்குக் கொடுக்கும் லயத்து வீடு அவன் பெயரில் இருந்தது. அவன் போனதும் தோட்டம் வீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டது. குடும்பம் கிள்ளானுக்குக் குடிபோனது. கலாவதியின் வேலை மட்டும் தோட்டத்திலேயே தங்கிவிட்டது.

கம்பெனிக்குக் கிள்ளானிலும் ஒரு ஆபீஸ் உண்டு. அங்கே ஒரு இடம் காலியானது. புவனாவின் பள்ளிக்கூடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு சீனர் காப்பிக் கடையும் ஒரு பெட்ரோல் பங்கும் மட்டுமே. கலாவதி மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தாள். அதில் துரை கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். கடிதம் துரையின் மேசைத் தட்டில் ஏறி உட்கார்ந்தது, உட்கார்ந்தபடியே இருந்தது.

துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. வெள்ளைக்காரர்கள் மலேசியாவை விட்டுப் போய் நாளாகிவிட்டது. வார்த்தை மட்டும் போகவில்லை. தோட்டத்தின் மேனேஜர் மேத்யூ துரை தைப்பிங்கில் பிறந்த மலையாளி. தமிழ் நன்றாகவே பேசுவார். சின்ன வயதில் விமானம் ஓட்ட ஆசைப்பட்டு மனுப் போட்டிருக்கிறார். கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். அந்தக் கண்ணுக்கு இப்போது பாட்டில் அடியைப் போல ஒரு கண்ணாடி. நல்ல மனுஷர் என்றுதான் எல்லோரும் சொல்லுவார்கள். யாரையும் கை நீட்டியதில்லை, தீபாவளிக்கு எல்லா லயத்துக்கும் ஒரு சுற்று நடந்து போவார். தோற்பது மட்டும் அவருக்கு ஆகாது.

சம்பளக் கணக்குப் போடுவதற்காகக் கம்பெனி அந்த வருஷம் ஒரு கம்ப்யூட்டரை அனுப்பியது. யாராவது ஒருவர் கோலாலம்பூர் போய் அதைப் படித்துவர வேண்டும். பெரிய கிராணி, அதாவது தலைமைக் கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர் கார்த்திகேசு, "எனக்கு இன்னும் மூண்டு வருஷம்தான் சர்வீஸ், இந்தப் பெட்டியோட மல்லுக்கட்ட ஏலாது" என்று ஒதுங்கிக்கொண்டார். கலாவதி போய்ப் படித்துவந்தாள். பெட்டிக்குக் குளிர் வேண்டும் என்றார்கள். ஏர்கான் இருந்தது துரையின் அறையில் மட்டும். ஆகவே கம்ப்யூட்டர் துரையின் அறை மூலையில் உட்கார்ந்தது. அதற்கு எதிரே கலாவதி உட்கார்ந்தாள். மற்ற கிளார்க்குகள் கொஞ்ச நாள் பொறாமைப்பட்டார்கள். பிறகு அவள் மூக்கு ஒழுகுவதைப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

மார்ச் மாதம் துரை கோலாலம்பூரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையில் டிஸ்கெட் ஒன்று கொண்டுவந்தார். விமானம் ஓட்டும் விளையாட்டு. கறுப்புத் திரையில் குறுக்கே ஒரு பச்சைக் கோடு; கோட்டுக்கு மேலே வானம், கீழே பூமி. திரையின் அடியில் வேகமும் உயரமும் காட்டும் வட்டங்கள். கொஞ்சம் பறந்ததும் எங்கிருந்தோ சிலுவை போல ஒரு சின்னக் குறி வரும். அது எதிரி விமானம். அதைக் கம்ப்யூட்டரே ஓட்டியது. சுட்டு வீழ்த்தினால் வெற்றி. அது முந்திக்கொண்டால் திரை ஒருமுறை பளிச்சிட்டு அணைந்துபோகும். துரை அந்த எதிரிக்குக் 'கேப்டன்' என்று பெயர் வைத்தார்.

விளையாட்டை ஏற்றுவதற்கு இரண்டு மூன்று கட்டளைகள் தட்ட வேண்டும். துரைக்கு அது மனதில் நிற்கவில்லை. ஒவ்வொரு முறை திரை அணைந்ததும் மறுபடியும் தட்ட வேண்டும். ஆகவே வேலை முடிந்து கலாவதி கைப்பையை எடுக்கும்போது குரல் வரும்.

"கலாவதி, ஒரே ஒரு ஆட்டம்."

ஒரு ஆட்டம் ஒருநாளும் ஒரு ஆட்டமாக இருந்ததில்லை. தோற்றுவிட்டு எழுந்திருக்கும் பழக்கம் துரைக்குக் கிடையாது. வெளியே, செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லோரியை வீரன் நிறுத்திவைத்திருப்பான். அவன்தான் தினமும் அவளைச் சந்தியில் இறக்கிவிடுகிறவன். இரண்டு முறை ஹார்ன் அடிப்பான். மூன்றாவது அடிப்பதில்லை, துரையின் ஜன்னல் பக்கத்தில் இருந்ததால். லோரி போகும் சத்தம் கலாவதிக்குக் கேட்கும். துரைக்குக் கேட்காது.

"நான் திரும்புறதுக்கு முன்னாடியே இவன் திரும்புறான். எப்படி?" என்பார் துரை.

"தெரியலைங்க துரை."

"இன்னொண்ணு போடு."

அந்தக் கேப்டனுக்கு எதுவும் தெரியாது, பாவம். யாருக்கு எதிரே பறக்கிறோம் என்று தெரியாது. தோட்டத்தில் ஒவ்வொருவரும் பிறந்ததிலிருந்து கற்றுக்கொண்டதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் துரையைச் சுட்டுத் தள்ளினான்.

ஒருநாள் துரை பங்களாவுக்குச் சாப்பிடப் போன நேரத்தில் கலாவதி ஒரு கட்டளை தட்டிப் பார்த்தாள். விளையாட்டின் வரிகள் திரையில் ஓடின. கோலாலம்பூரில் சம்பளக் கணக்குக்காக அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழி. யாரோ ஒரு பொறுமைசாலி எழுதியிருந்தான். எதிரி விமானத்தின் வேகம், அது எவ்வளவு விரைவாக மேலே ஏறும், எவ்வளவு குறுக்கித் திரும்பும், எல்லாமே ஆளுக்கொரு எண்ணாக வரிசையில் நின்றன. எண்ணை மாற்றிச் சேமித்தால் கேப்டனும் மாறிவிடுவான்.

அவள் யோசித்தது பஸ்ஸைப் பற்றி மட்டுமே. துரை ஜெயித்தால் எழுந்துவிடுவார். எழுந்தால் லோரி. லோரி என்றால் நாலரை.

வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். அன்று சாயங்காலம் கேப்டன் வந்தான், திரும்பப் பார்த்தான், திரும்புவதற்கு வேண்டிய வேகம் இல்லாமல் கல்லைப் போலக் கீழே விழுந்தான். துரை ஒரு குண்டும் சுடவில்லை.

"எஞ்சின் கோளாறு போல. இது கணக்குல வராது. இன்னொண்ணு போடு."

அடுத்த நாள் வேகத்தைப் பழையபடி வைத்துவிட்டுத் திருப்பத்தைக் குறைத்தாள். கேப்டன் பெரிய வட்டம் அடித்துக்கொண்டு எங்கோ போய்விட்டான். திரும்பாத விமானம் வேகத்தை இழக்காது என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. துரை அவனைத் துரத்திக்கொண்டே இருந்தார். திரையில் அந்தச் சிலுவை புள்ளியாகிப் போனது; வீரனின் லோரியும் அப்படியே போனது.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைந்தது. வேகத்தைக் குறைத்தால் விழுகிறான். திருப்பத்தைக் குறைத்தால் ஓடுகிறான். ஏற்றத்தைக் குறைத்தால் தாழப் பறந்து தரையில் மோதுகிறான். கலாவதி மத்தியானச் சோற்றை வலது கையில் வைத்துக்கொண்டு இடது கையால் எண் தட்டினாள். இறக்கையையும் எஞ்சினையும் தொடுவதில் பிரயோசனம் இல்லை என்று கடைசியில் முடிவுக்கு வந்தாள். வேறு ஒரு எண் கீழே இருந்தது. எதிரே இருப்பவன் எங்கே போகிறான் என்று கேப்டன் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண். அது ஒன்றாக இருந்தது. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான் அந்த மனுஷன். அதனால்தான் துரை அசையும் முன் அவன் அசைந்தான்.

அதைக் கூட்டினாள். கேப்டனின் விமானத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. அதே வேகம், அதே திருப்பம். பார்ப்பது மட்டும் கொஞ்சம் தாமதம். அன்று துரை ஜெயித்தார். இரண்டு நிமிஷத்தில்.

"இன்னொண்ணு போடு," என்றார். அது ஜெயித்த ருசி.

கலாவதி ஆறேகாலுக்குத்தான் போனாள்.

மறுநாள் தேநீர் வேளையில் கார்த்திகேசு கிராணி அவளைப் பார்த்து, "என்ன பிள்ளை, முகம் வாடிப்போய்க் கிடக்கு" என்றார். அவள் சொன்னாள். அவர் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே கேட்டார்.

"பிழை விட்டுட்டாய். நான் இந்தத் துரையோட சேர்த்து மூண்டு துரைமாரோட பேட்மிண்டன் விளையாடித் தோத்திருக்கிறன். லேசாய்த் தோத்தால் அவைக்குப் பசி அடங்காது. பதின்மூண்டுக்குப் பதின்மூண்டு வரைக்கும் கொண்டுவர வேணும். வேர்க்க வைக்க வேணும். பிறகு வலையில அடிக்க வேணும். அப்பதான் துவாயால முகத்தைத் துடைச்சுக்கொண்டு வீட்ட போவினம்."

"கம்ப்யூட்டருக்கு அது எப்படிங்க சார் தெரியும்?"

"உனக்குத் தெரியும்தானே. அதுக்குச் சொல்லிக்குடு."

அவள் ஒரு வரி சேர்த்து எழுதினாள். ஆட்டம் தொடங்கும்போது கேப்டன் பழைய கேப்டன். கண் கொட்ட மாட்டான். நேரம் போகப் போக அவன் பார்ப்பது தாமதமாகும். முதலில் தெரியாத அளவுக்கு, பிறகு தெரிந்தும் தெரியாத அளவுக்கு. கடைசியில் துரை பக்கவாட்டில் வந்த பிறகுதான் தலையைத் திருப்புவான். அதாவது, களைத்துப்போவான்.

இந்தக் கணக்கை அவள் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை, தன்னிடமிருந்தே எடுத்தாள். காலையில் முதல் பஸ்ஸில் ஜன்னலைத் திறந்துவைத்து ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் படித்துக்கொண்டு வருகிறவள், பதினோரு மணிக்கு ஒரே வரியை இரண்டு தடவை தட்டுகிறவள், மூன்றரைக்கு யாராவது கூப்பிட்டால் யாரை என்று யோசிக்கிறவள். அது அப்படியே திரையில் பறந்தது. வேலைக்கு ஒரு கூட்டாளி கிடைத்தது போலக்கூட அவளுக்கு இருந்தது. ஏர்கான் அறையில் அவளும் கேப்டனும்தான் துரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள்.

துரை வேர்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். கேப்டன் அவரை மூன்று தடவை சாவு விளிம்புக்குக் கொண்டுபோனான். கடைசியில் ஒரு திருப்பத்தில் அகலமாகப் போனான். துரை சுட்டார். திரையில் ஒரு சின்ன நட்சத்திரம் வெடித்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போதும் கலாவதி. இன்னைக்குப் போதும்."

வீரன் இரண்டாவது ஹார்ன் அடிக்கும்போது அவள் லோரியில் ஏறிவிட்டாள்.

அப்படியே மாசங்கள் போயின. ஆட்டத்துக்குப் பிறகு துரை மேஸ்திரிகளிடம் சிரித்துப் பேசினார். எண்ணெய் ஆலையிலிருந்து வந்த புகார்களைப் படித்துவிட்டு, பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆபீஸே ஒரு மூச்சு விட்டது. கலாவதிக்கு வாரத்தில் நாலு நாள் நாலரை கிடைத்தது. சரியான நேரம் என்று நினைத்து ஒரு நாள் மாற்றல் கடிதத்தைப் பற்றிக் கேட்டாள்.

"உன்னை எப்படி விடுறது?" என்றார் துரை, உண்மையான அன்போடு. "நீ இந்த மெஷினுக்குக் கைராசிக்காரி. முன்னாடி எனக்கு ஒண்ணும் வரலை. நீ பக்கத்துல நிக்கப்போய்த்தான் கை வந்தது. அடுத்த வருஷம் பார்ப்போம்லா."

அவள் வெளியே வந்து படிக்கட்டில் நின்றாள். தன் கையாலேயே தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டதை லோரியில் ஏறிய பிறகுதான் முழுசாக உணர்ந்தாள். துரை ஜெயித்தால்தான் இன்றைய பஸ். துரை ஜெயித்துக்கொண்டே இருந்தால் மாற்றல் இல்லை, என்றைக்கும் பஸ்தான்.

வீட்டில் சொன்னபோது சன்னாசி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். அவனுக்கு அன்று இரவு ஷிப்ட்.

"அப்ப அவரைத் தோக்க வுட்டுரு."

"தோத்தா எந்திரிக்க மாட்டாரு. ஒம்பது மணிக்குத்தான் வருவேன், பரவால்லையா?"

சன்னாசி ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

அக்டோபரில் கிள்ளான் ஆபீஸிலிருந்து போன் வந்தது. இந்த மாசக் கடைசிக்குள் துரையின் கையெழுத்து வராவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். கலாவதி ரிசீவரை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். துரையிடம் பேச வேண்டும். அவர் ஜெயித்த சூட்டோடு பேச வேண்டும். பேசிவிட்டு லோரியையும் பிடிக்க வேண்டும். அப்படியானால் ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும். கேப்டன் இன்றைக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடியே களைக்கட்டும்.

மத்தியானம், கேப்டன் எவ்வளவு நேரத்தில் களைக்க வேண்டும் என்ற எண்ணைத் திருத்தினாள். முந்தின நாள் ஆறேகால் பஸ். வீடு போனதும் பிள்ளையின் பள்ளி உடுப்பைத் துவைத்திருந்தாள். கண்ணில் மணல் விழுந்தது போல இருந்தது. திருத்தும்போது ஒரு சைபர் விட்டுப்போயிற்று.

சாயங்காலம் துரை உட்கார்ந்தார். கேப்டன் வந்தான். நேராக வந்தான். நேராகவே போனான்.

துரை விரலை எடுத்துவிட்டார். சுடவில்லை.

"அவன் என்னைப் பார்க்கலை," என்றார்.

கலாவதி திரையைப் பார்த்தாள். பார்த்ததுமே புரிந்துவிட்டது. பறக்கத் தொடங்கும்போதே களைத்துப்போன கேப்டன். இனி கண்ணைத் திறக்கவே மாட்டான்.

துரை தன் விமானத்தை அவன் பக்கத்தில் கொண்டுபோனார். "இப்பப் பக்கத்துல இருக்கேன்." முன்னால் போனார். "இப்ப முன்னாடி." மேலே ஏறி, சுற்றி, பின்னால் வந்தார். சிலுவை அசையவில்லை. உலகத்தில் யாரும் இல்லாதது போல ஒரே கோட்டில் போய்க்கொண்டிருந்தது. துரை அதோடு சேர்ந்து கொஞ்ச தூரம் பறந்தார். வெளியே வீரன் முதல் ஹார்ன் அடித்தான்.

"நீ இதுல ஏதாச்சும் செஞ்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மெஷின் கோளாறு என்று சொன்னால் நம்பியிருப்பார். ஆனால் பொய்க்கு ஒரு தெம்பு வேண்டும். மூன்றரை மணிக்குப் பிறகு அது அவளிடம் இருந்ததில்லை.

"செஞ்சேங்க துரை."

"இன்னைக்கா?"

"இன்னைக்குக் கொஞ்சம் அதிகமாப் போச்சு."

துரை மெதுவாகத் திரும்பினார். அந்தக் கண்ணாடிக்குள் அவருடைய கண்கள் சின்னதாகத் தெரிந்தன.

"எப்பத்துல இருந்து?"

"மார்ச்சு கடைசியில இருந்துங்க."

"நான் ஜெயிச்சதெல்லாம்?"

"நீங்க நல்லாத்தான் ஓட்டுனீங்க துரை. அவன் கொஞ்சம் லேட்டாப் பார்த்தான். அவ்வளவுதான்."

இரண்டாவது ஹார்ன் கேட்டது. துரை ஏதோ நினைத்துக்கொண்டவராக, "பேட்மிண்டனும் இப்படித்தானா?" என்றார்.

"நான் பேட்மிண்டன் ஆடுறதில்லைங்க துரை. கிராணியைத்தான் கேக்கணும்."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் கார்த்திகேசு கிராணியைக் காட்டிக்கொடுத்தது அவளுக்குத் தெரிந்தது. லோரி போகும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை துரைக்கும் கேட்டது போலிருந்தது, ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"எதுக்கு இப்படிச் செஞ்சே?"

"நாலரை பஸ்ஸுக்குங்க."

"என்ன பஸ்?"

"கிள்ளான் பஸ். நீங்க ஜெயிச்சா எந்திரிப்பீங்க. அந்த லோரில போனாத்தான் பஸ் கிடைக்கும். வீட்டுல பிள்ளை முழிச்சிருக்கும்."

"நீ லயத்துலதானே இருக்கே?"

"ரெண்டு வருஷமாச்சுங்க துரை, கிள்ளானுக்குப் போய். கடுதாசில எழுதியிருக்கேன்."

கடிதம் தட்டில் அவர் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. துரை அதைப் பார்த்தார், எடுக்கவில்லை. திரையைப் பார்த்தார். கேப்டன் இன்னும் போய்க்கொண்டிருந்தான்.

"உள்ளபடி வை," என்றார். "வாங்கினப்ப எப்படி இருந்ததோ அப்படி."

அவள் வைத்தாள். திரை பளிச்சிட்டு அணைந்தது. மறுபடியும் வைத்தாள். மறுபடியும் அணைந்தது. துரை ஒவ்வொரு தடவையும் தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் தன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அவர் தோற்றுவிட்டு எழுந்ததை அந்த ஆபீஸில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. பார்த்தவளுக்குச் சந்தோஷமாக இல்லை. ஜெராம் சாலை வரை நடந்தாள். கிள்ளானில் இறங்கியபோது மழை.

அடுத்த வாரம் முழுவதும் துரை உண்மையான கேப்டனோடு சண்டை போட்டார். தினமும் தோற்றார். யாரிடமும் கோபப்படவில்லை, அதுதான் ஆபீஸுக்குப் பயமாக இருந்தது. கார்த்திகேசு கிராணி ஒருநாள் காலையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்து கலாவதியின் மேசையில் சாய்ந்தார்.

"நேத்துக் கிளப்பில என்னைக் கூப்பிட்டு, மிஸ்டர் கார்த்திகேசு, இன்றைக்கு உண்மையாய் விளையாடும் எண்டார். நல்ல வேலை பார்த்தாய் பிள்ளை."

"மன்னிச்சிருங்க சார். வாய் தவறிப் போச்சு. நீங்க ஜெயிச்சீங்களா?"

"எங்க ஜெயிக்கிறது? இருபத்தைஞ்சு வருஷமாய்த் தோத்துப் பழகின கை. பதின்மூண்டு வந்ததும் அது தானாய் வலையில அடிக்குது. உண்மையாய்த்தான் தோத்தன். அந்தாள் நம்புறார் இல்லை."

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை துரை அவளைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. கடிதம் தட்டிலிருந்து இறங்கி மேசை நடுவில் கிடந்தது. துரை அதை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டிருந்தார், இப்போதுதான் முதல் தடவை படிப்பவர் போல.

"பிள்ளைக்கு எத்தனை வயசு?"

"ஏழு முடியப்போகுதுங்க."

கையெழுத்துப் போட்டார். மை காய ஊதினார். அவளிடம் நீட்டவில்லை, விரலுக்கடியில் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"நீ போயிட்டா சம்பளக் கணக்கு?"

"ஆபீஸுக்குப் புதுசா வந்திருக்கிற உடையப்பன் மகளுக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன் துரை. நல்லாவே செய்யுது."

"அந்தப் பொண்ணுக்கு இதுவும் தெரியுமா?" மூலையைக் கண்ணால் காட்டினார்.

"அது தெரியாதுங்க. சொல்லிக்குடுக்கலை."

துரை தலையை ஆட்டினார். வெளியே லோரி வந்து நின்றது. முதல் ஹார்ன். அவர் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் எடுத்துக்கொண்டு கும்பிட்டாள். கதவு வரை போனவளை அவர் குரல் நிறுத்தியது. கூப்பிட்டது போல இல்லை, தனக்குத்தானே பேசியது போல இருந்தது.

"போறதுக்கு முன்னாடி அவனைக் கொஞ்சம் மாத்தி வச்சிட்டுப் போ."

கலாவதி திரும்பிப் பார்த்தாள். துரை அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாத முகம் ரொம்ப நேரம் வெயிலில் நின்ற மனுஷனுடையது போல இருந்தது.

"எவ்வளவுங்க துரை?"

"எனக்குத் தெரியாத அளவுக்கு."

அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வரிகள் ஓடின. அந்த எண்ணுக்கு வந்து நின்றாள். இதே எண்ணை மாசக்கணக்காக மாற்றியிருக்கிறாள், ஒரு தடவைகூடக் கை தயங்கியதில்லை. இன்றைக்குத் தயங்கியது. அவசரமாகக் களைத்தால் துரைக்குத் தெரிந்துவிடும். களைக்காமலே இருந்தால் அவர் இந்த அறையில் தனியாகத் தினமும் விழுந்துகொண்டிருப்பார். இரண்டாவது ஹார்னும் கேட்டது. அவள் அவசரப்படவில்லை. கேப்டனுக்கு ஆட்டத்தின் மத்தியானம் வரை நல்ல தெம்பு கொடுத்தாள், அதற்குப் பிறகு மெதுமெதுவாக. சைபர்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துச் சேமித்தாள்.

"வச்சாச்சுங்க."

"சரி," என்றார் துரை. "போ. லோரி போயிரும்."

வீரன் அன்று மூன்றாவது ஹார்னும் அடித்தான். அவள் ஏறியதும், "என்ன கலாக்கா, துரை விருந்து வச்சாரா?" என்றான்.

"ஒரு ஆட்டம் போட்டுக் குடுத்துட்டு வந்தேன்."

"இன்னுமா அவரு ஆடுறாரு?"

குலைகள் பின்னால் உருண்டு மோதிக்கொண்டன. சந்திக்கு வரும்போது நாலரை பஸ் சிக்னல் போட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. வீரன் லோரியை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். டிரைவர் மலாயில் திட்டினார், கதவைத் திறந்தார்.

வழியில் காப்பார் ஊர் வருவதற்குள் தூங்கிப்போனாள். கிள்ளானில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். வீட்டில் புவனா விழித்திருந்தாள். வகுப்பில் ஒரு பையன் இன்னொருவனின் ரப்பரைத் தின்றுவிட்ட கதையை ஆரம்பித்தாள். கலாவதி பாயில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "ம்" என்றாள், "ம்" என்றாள். அப்புறம் "ம்" வருவதற்கு நேரமானது.

"அம்மா, கேக்குறியா?" என்றாள் பிள்ளை.

கதை முடிந்தபோது அம்மாவிடமிருந்து சத்தம் இல்லை. புவனா கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விளக்கை அணைக்கப் போனாள்.